அலிகர்: ஒரு சமுதாயம் எழுப்பிய பல்கலைக்கழகம்



பிள்ளையைப் பெற்றவர்களுக்கு மே, ஜூன் மாதங்கள் கவலை மிகுந்தவை. எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? எவ்வளவு செலவாகும்? பெண் பிள்ளையைத் தொடர்ந்து படிக்க வைப்பதா, வேண்டாமா? இக்கேள்விகள் எழாத முஸ்லிம் இல்லம் அரிது. இத்தருணத்தில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை நாம் நினைவுகூர்வது பொருத்தமாகும். ஏனெனில் அது அரசர் எவரும் அளித்த கொடையன்று. சமுதாயம் காசு காசாகச் சேர்த்து எழுப்பிய கல்விக்கூடம்.

வித்திட்டவர்

1817-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் தில்லியில் பிறந்தவர் ஸர் ஸையித் அஹ்மத் கான். 1857-ஆம் ஆண்டுப் புரட்சி வெடித்தபோது பிஜ்னோரில் நீதித்துறைப் பணியில் இருந்தார். புரட்சி ஒடுக்கப்பட்டபின் தில்லி முஸ்லிம்கள் அடைந்த சீரழிவு அவர் உள்ளத்தை உலுக்கியது. கல்வியின்றி இச்சமுதாயம் எழ இயலாது என்ற முடிவுக்கு வந்தார். 1864-இல் அறிவியல் சங்கம் ஒன்றை நிறுவி, மேனாட்டு நூல்களை உருது மொழியில் பெயர்க்கச் செய்தார். 1869-இல் இங்கிலாந்து சென்று அங்குள்ள கல்விமுறையை நேரில் கண்டு வந்தார்.

1875-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் அலிகரில் ‘மத்ரஸத்துல் உலூம்’ தொடங்கப்பட்டது. 1877 ஜனவரி 8-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். முன்பு படை முகாமாக இருந்த 74 ஏக்கர் நிலமே அதன் முதல் வளாகம்.

எதிர்ப்பு எளிதாக இருக்கவில்லை. ஆங்கிலக் கல்வியுடன் அவருடைய மார்க்கக் கருத்துகள் சிலவும் உலமாக்களிடையே கடும் மறுப்பைத் தோற்றுவித்தன. காஃபிர் என்றும் ஃபத்வாக்கள் வெளியாயின. அவரோ நிதி திரட்டுவதை நிறுத்தவில்லை. நூல்களை விற்றார்; முதுமையில் மேடையேறியும் பொருள் சேர்த்தார். அக்கல்லூரி எல்லாச் சமயத்தவருக்கும் திறந்தே இருந்தது. அதன் முதல் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத் என்ற இந்து மாணவர் ஆவார்.

1898 மார்ச் 27-இல் அவர் மறைந்தார். வளாகத்திலுள்ள பள்ளிவாசலின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லூரி பல்கலைக்கழகமானதைக் காண அவர் இல்லை. அதற்கு முப்பது இலட்சம் ரூபாய் நிதி தேவைப்பட்டது. 1911 முதல் ஆகா கான் உள்ளிட்டோர் ஊர் ஊராகச் சென்று அதனைத் திரட்டினர். 1920-இல் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பல்கலைக்கழகம் உதயமாயிற்று.

சென்னைக்கு வந்த அலை

ஸர் ஸையித் 1886-இல் தொடங்கிய முஸ்லிம் கல்வி மாநாடு ஆண்டுதோறும் ஒவ்வொரு நகரில் கூடியது. 1901-இல் அது சென்னையில் கூடிற்று. மறு ஆண்டிலேயே தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அச்சங்கமே 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியை நிறுவியது. அலிகரில் நட்ட மரத்தின் விதை நம் மண்ணிலும் விழுந்து முளைத்ததைப் பாருங்கள்!

பெண்மக்களும் அலிகரும்

ஸர் ஸையித் ஆண்களின் கல்விக்கே முதலிடம் கொடுத்தார். பெண்களுக்குப் பள்ளி அமைக்க அவர் முன்வரவில்லை. அக்குறையை ஷேக் அப்துல்லாஹ் என்பவரும் அவருடைய துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் நிறைவு செய்தனர். 1906-இல் அவர்கள் ஒரு சிறு பெண்பள்ளியைத் தொடங்கினர். மூடுபல்லக்கில் பிள்ளைகளை அழைத்து வந்த காலம் அது. ‘பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?’ என்ற ஏளனத்தைத் தாங்கிக்கொண்டனர். அப்பள்ளியே வளர்ந்து, இன்று பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரியாகத் திகழ்கின்றது.

பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் யார் தெரியுமா? போபாலை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம் என்ற பெண்மணி! ஆயினும் துணைவேந்தர் பொறுப்பில் ஒரு பெண் அமர நூறாண்டுகளுக்கும் மேலாயிற்று. 2024-இல் அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் பேராசிரியை நயீமா காத்தூன். அதற்குமுன் அதே பெண்கள் கல்லூரியின் முதல்வராக அவர் இருந்தார். மூடுபல்லக்கில் தொடங்கிய பயணம் துணைவேந்தர் இருக்கை வரை வந்திருக்கின்றது.

இன்றைய அலிகர்

74 ஏக்கரில் தொடங்கிய வளாகம் இன்று 1,155 ஏக்கர். பயில்வோர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை, யூனானி, இறையியல் எனப் பல துறைகள் உள்ளன. ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி 1962-இல் தொடங்கப்பட்டது.

1960-இல் பிரதமர் நேரு திறந்துவைத்த மௌலானா ஆஸாத் நூலகம் ஏழு தளங்களைக் கொண்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்குள்ளன. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் கையெழுத்து எனக் கூறப்படும் குர்ஆன் தோல் ஏடு ஒன்றும் அங்குப் பாதுகாக்கப்படுகின்றது.

இந்தியக் குடியரசுத் தலைவராயிருந்த டாக்டர் ஜாகிர் ஹுசைன் இங்கே மாணவராக இருந்து, 1948 முதல் 1956 வரை துணைவேந்தராகவும் விளங்கினார்.

வடநாடு தொலைவு என்று தயங்குவோர் அறிய வேண்டிய செய்தி: கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலும் இப்பல்கலைக்கழகத்தின் மையம் இயங்குகின்றது. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், பீகாரின் கிஷன்கஞ்ச் ஆகிய இடங்களிலும் மையங்கள் உள்ளன.

சிறுபான்மைத் தகுதி பற்றிய வழக்கும் நெடியது. இதற்குச் சிறுபான்மை நிறுவனம் என்ற தகுதி இல்லை என 1967-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பர் 8-இல் எழுவர் அமர்வு, நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றியது. தகுதி உண்டா என்பதை முடிவு செய்யும் பொறுப்பை வேறொரு அமர்வுக்கு விட்டது.

வாசகர்களே! தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில். நம் பிள்ளைகளின் கல்வியோ நம் கையில். திருமணச் செலவுக்குக் கடன் வாங்கத் தயங்காத நாம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஏன் கணக்குப் பார்க்கிறோம்? இவ்வாண்டு உங்கள் இல்லத்தில் படிப்பை நிறுத்தவிருக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், முடிவெடுக்குமுன் மூடுபல்லக்கில் பள்ளி சென்ற அச்சிறுமிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை நல்குவானாக! ஆமீன்.