காணாமல் போன கோப்பும் பாட்டியின் குரலும்

வெள்ளிக்கிழமை இரவு மணி பதினொன்று. விடிந்தால் பாட்டியின் முதலாமாண்டு நினைவு நாள். படையல் முடிந்து சொந்தபந்தங்கள் சாப்பிட உட்காரும்போது பாட்டியின் குரலைப் போட்டுக் கேட்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நான் வானொலியில் சேர்ந்த புதிதில், பயிற்சிக்காகப் பாட்டியைப் பேசவிட்டுப் பதிவு செய்திருந்தேன். பால்மரம் வெட்டப் போன விடியற்காலைகள், லயத்து வீடு, ஆறு பிள்ளைகளை வளர்த்த கதை என்று நான்கு மணி நேரத்துக்கு மேல் பேசியிருந்தார். அதிலிருந்து பத்து நிமிடத்தைத் தொகுத்துத் தருவதாக நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

புதிதாக வாங்கிய மடிக்கணினியில் ஒலித்தொகுப்பு மென்பொருளைப் பதிவேற்றித் திறந்தேன். திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சிறு பெட்டி வந்தது: ‘எம்எஸ்விசிபி140.டிஎல்எல்’ என்ற கோப்பு கிடைக்கவில்லையாம். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே பெட்டி.

கோப்பின் பெயரை அப்படியே தேடுபொறியில் போட்டேன். அந்த ஒரு கோப்பை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று ஓர் இணையத்தளம் வந்தது. பெரிய பச்சைப் பொத்தான். அழுத்தினேன்; சில விநாடிகளில் கோப்பு கைக்கு வந்தது. அதை விண்டோஸின் ‘சிஸ்டம்32’ என்ற கோப்புறையில் போடச் சொல்லியிருந்தார்கள். போடப் போனால், நிர்வாகி அனுமதி வேண்டும் என்று கணினி கேட்டது. அந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஏனோ கை நின்றது. எங்கள் நிலையத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கும் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“அண்ணே, தூங்கிட்டீங்களா? ஒரு ஃபைல் காணோம்னு சொல்லுது. டவுன்லோட் பண்ணிட்டேன். போட்டுடவா?”

“எங்கேருந்து எடுத்தே?”

“தேடினேன், முதல்லயே வந்துச்சு.”

“சரி, அது இருக்கட்டும். பாட்டி ரெக்கார்டிங் வேற எங்கயாவது இருக்கா?”

என்னிடம் பதில் இல்லை. அந்த நான்கு மணி நேரமும் அந்த ஒரே மடிக்கணினியில்தான் இருந்தது.

“முதல்ல அதை ஒரு பென்டிரைவ்ல போடுமா. அப்புறம் மத்ததைப் பேசலாம்” என்றார்.

அன்றிரவு அவர் சொல்லிக்கொடுத்ததையும், அதன்பின் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் பிள்ளையின் விளையாட்டு மென்பொருளோ அலுவலகக் கணக்கு மென்பொருளோ ஒருநாள் இதே பெட்டியை உங்கள் முன் காட்டலாம்.

பொதுப் பாத்திரம்

‘டி.எல்.எல்.’ என்பது விண்டோஸ் கணினிகளில் இருக்கும் ஒருவகைக் கோப்பு. ‘டைனமிக் லிங்க் லைப்ரரி’ என்பதன் சுருக்கம். கோயில் அன்னதானத்துக்கு வேண்டிய பெரிய அண்டாவை ஒவ்வொரு குடும்பமும் விலைக்கு வாங்குவதில்லை அல்லவா? கோயில் கிடங்கில் இருப்பதை எடுத்துக்கொள்கிறோம். அதுபோல எல்லா மென்பொருளுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். தேவைப்படும் மென்பொருள் அதை அழைத்துப் பயன்படுத்திக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படமோ பாட்டோ போல இது சும்மா இருக்கும் கோப்பு அல்ல, இயங்கும் கோப்பு. அழைக்கும் மென்பொருளுக்கு என்னென்ன அதிகாரம் உண்டோ, அத்தனையும் அழைக்கப்படும் கோப்புக்கும் கிடைத்துவிடும். அந்த மென்பொருளால் உங்கள் ஆவணங்களைத் திறக்க முடிந்தால், இந்தக் கோப்பாலும் முடியும். நிர்வாகி அனுமதியும் சேர்ந்துவிட்டால் கணினி முழுவதும் அதன் கையில்.

பெயர் சாட்சி ஆகாது

“மருந்து பாட்டில்ல லேபிள் சரியா இருந்தா போதுமா? உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்று அண்ணன் கேட்டார். கோப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். கோப்பின் விவரங்களில் தெரியும் நிறுவனப் பெயரும் அப்படித்தான். ‘மைக்ரோசாஃப்ட்’ என்று எவரும் தட்டச்சு செய்துகொள்ளலாம். ஆகவே பெயரை விட்டுவிட்டு வேறு நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, எங்கிருந்து வந்தது? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அந்தக் கோப்பை உருவாக்கியவரிடமிருந்தே வந்ததா, நடுவில் யாரோ எடுத்து வைத்துத் தருகிறார்களா? எனக்குக் கிடைக்காமல் போன கோப்பு மைக்ரோசாஃப்டின் ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்ற தொகுப்பின் ஓர் உறுப்பு. அந்தத் தொகுப்பை மைக்ரோசாஃப்டே தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தருகிறது. அப்படியிருக்க, முகம் தெரியாத ஒருவரிடம் அதில் ஒரு துண்டை மட்டும் வாங்குவானேன்? அந்தத் துண்டில் தீங்கு இல்லாவிட்டாலும், பழைய பதிப்பாக இருக்கலாம். அல்லது அதைப் போட்டவுடன் அடுத்த கோப்பைக் காணோம் என்று இன்னொரு பெட்டி வரலாம்.

இரண்டாவது, எங்கே இருக்கிறது? விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பெரும்பாலும் ‘சிஸ்டம்32’, ‘சிஸ்வாவ்64’ ஆகிய கோப்புறைகளில் இருக்கும். மென்பொருள்களின் கோப்புகள் பெரும்பாலும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் இருக்கும். விண்டோஸ் கோப்பின் பெயரை வைத்துக்கொண்டு, தற்காலிகக் கோப்புறையிலோ பதிவிறக்கக் கோப்புறையிலோ ஒன்று உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, கையொப்பம் உண்டா? கோப்பின் மேல் மௌஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்தால் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பகுதி இருக்கும். யார் கையொப்பமிட்டார்கள், அது செல்லுபடியாகிறதா என்று அங்கே பார்க்கலாம். கையொப்பமிட்ட பிறகு கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அது செல்லாமல் போகும். ஆனால், விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றில் இந்தப் பகுதியே இருக்காது. அவற்றுக்கான கையொப்பம் தனியான பட்டியல் கோப்பில் இருக்கும். எனவே அந்தப் பகுதி இல்லை என்பதற்காக மட்டும் ஒரு கோப்பைக் குற்றவாளி ஆக்கிவிடக்கூடாது.

நான்காவது, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? ‘வைரஸ்டோட்டல்’ என்ற சேவை 2004இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டது. 2012இல் கூகுள் அதை வாங்கியது. ஒரு கோப்பைக் கொடுத்தால் எழுபதுக்கும் மேற்பட்ட நச்சுநிரல் தடுப்பான்களைக் கொண்டு சோதித்துச் சொல்லும். ஆனால், அங்கே பதிவேற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படும். எனவே சம்பளப் பட்டியல், வங்கி அறிக்கை போன்ற சொந்த ஆவணங்களை அங்கே போடாதீர்கள்.

மூன்று பேர் மட்டும் சொன்னால்?

நான் இறக்கிய கோப்பை வைரஸ்டோட்டலில் போட்டுப் பார்த்தேன். மூன்று தடுப்பான்கள் ஆபத்து என்றன. மற்றவை ஒன்றும் இல்லை என்றன. கையொப்பமும் இல்லை.

“என்னண்ணே இது, நல்லதா கெட்டதா?”

“தெரியாது. அதை நீ ஏன் கண்டுபிடிக்கணும்?”

அந்த ஒரு பதிலில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. ஒன்றிரண்டு தடுப்பான்கள் நல்ல கோப்பையும் தவறாகக் குறை சொல்வதுண்டு. புதிதாக எழுதப்பட்ட தீய கோப்பை ஒன்றுகூடக் கண்டுகொள்ளாமல் விடுவதும் உண்டு. எழுபதும் பச்சை காட்டினால் நல்லது என்று பொருளல்ல. இதுவரை யாரும் தீங்கைக் காணவில்லை என்றுதான் பொருள். வெளியிலிருந்து வரும் கோப்பு கெட்டது என்று நிரூபிப்பது நம் வேலை இல்லை. அது தன்னை நல்லது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வேண்டாம்.

அந்தக் கோப்பை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பதிவிறக்கக் கோப்புறையில் சும்மா கிடந்தால் என்ன என்று கேட்காதீர்கள். பல மென்பொருள்கள் தமக்குத் தேவையான கோப்பை முதலில் தம் பக்கத்திலேயே தேடும். நாளை அதே கோப்புறையிலிருந்து வேறொரு நல்ல மென்பொருளை நிறுவும்போது, பக்கத்தில் கிடக்கும் இந்தக் கோப்பை அது அழைத்துவிடலாம்.

பிறகு மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து முழுத் தொகுப்பையும் இறக்கினேன். என் கணினி 64 பிட். அந்த ஒலித்தொகுப்பு மென்பொருளோ பழைய 32 பிட். அதனால் 32 பிட் தொகுப்பும் தேவைப்பட்டது. இரண்டையும் நிறுவியதும் மென்பொருள் திறந்தது.

நம்பிக்கையானவரும் ஏமாறலாம்

கையொப்பம் இருந்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2020இல் ‘சோலார்விண்ட்ஸ்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் தயாரிக்கும் இடத்துக்குள்ளேயே ஊடுருவியவர்கள், அதன் டி.எல்.எல். கோப்பு ஒன்றில் தங்கள் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். நிறுவனத்தின் உண்மையான கையொப்பத்துடனேயே அது வெளியே போனது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அந்தப் பதிப்பைப் பெற்றிருக்கலாம் என்று நிறுவனமே கூறியது. 2023இல் ‘3சிஎக்ஸ்’ என்ற இணையத் தொலைபேசி மென்பொருளிலும் இதேபோல் நடந்தது.

இவை அரிதானவை. இதற்காக எந்த மென்பொருளும் வேண்டாம் என்று ஒதுங்க முடியாது. விண்டோஸையும் தடுப்பானையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்வது, முக்கியமானவற்றுக்கு இன்னொரு நகல் வைத்திருப்பது ஆகிய இரண்டும் நம்மால் முடிந்தவை.

பயத்தில் அழிக்காதீர்கள்

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 2002இல் ஒரு மின்னஞ்சல் உலகமெங்கும் சுற்றியது. கரடிப் பொம்மை படத்துடன் ஒரு கோப்பு உங்கள் கணினியில் இருக்கும், அது நச்சுநிரல், உடனே அழியுங்கள், நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்றது. உண்மையில் அது விண்டோஸுடனேயே வந்த சாதாரணக் கோப்பு. பலர் பயந்து தாமே அழித்துவிட்டார்கள். இன்று அதே வேலையை வாட்ஸ்அப் செய்திகள் செய்கின்றன.

ஆகவே, ஏற்கனவே கணினிக்குள் இருக்கும் ஒரு கோப்பின் பெயர் புதிதாகத் தெரிகிறது என்பதற்காக அழிக்காதீர்கள். மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். தடுப்பானைக் கொண்டு முழுச் சோதனை நடத்துங்கள். விண்டோஸின் சொந்தக் கோப்பு பழுதானால், அதைச் சரிசெய்யும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

சந்தேகமான கோப்பை ஏற்கனவே போட்டு இயக்கிவிட்டீர்களா? இணையத் தொடர்பைத் துண்டித்துச் சோதனை நடத்துங்கள். கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கியை அழையுங்கள். மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 ஆகிய மோசடித் தடுப்பு உதவி எண்களும் இருக்கின்றன.

மறுநாள் மதியம், வாழை இலை போட்ட பிறகு பாட்டி பேசினார். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலி கிடையாது என்று சொல்லிவிட்டு, “அதனால மழைன்னா புள்ளைங்களுக்குச் சந்தோஷம், எனக்கு மட்டும் வயித்தக் கலக்கும்” என்று சிரித்தார். அம்மா சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டியின் குரல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. மடிக்கணினியில், என் பென்டிரைவில், பிறகு அம்மா தன் நகைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கும் இன்னொரு பென்டிரைவில்.