குழாய் பதிக்கு முன் கற்க வேண்டிய பாடம்

கிணறு தோண்டுமுன் ஊற்றுக்கண் எத்திசையில் உள்ளதென ஆராய்வது உழவர் வழக்கம். தறியில் பாவு ஏற்றுமுன் நூலின் நம்பரையும் இழைக் கணக்கையும் சரிபார்ப்பது நெசவாளர் வழக்கம். அரசாங்கமும் தனியாரும் கூட்டுச் சேர்ந்து கோடிக்கணக்கான ரூபாயில் சாலையும் பாலமும் குடிநீர்க் குழாயும் அமைக்க முற்படும்போது, இதே முன்யோசனை எவ்வளவு தேவையென்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துக்காட்ட ஒரு சான்று அண்மையிலேயே உண்டு. அது திருப்பூர்த் தண்ணீர்த் திட்டம்.

கூட்டின் இயல்பு

வளரும் நாடுகளில் தேவைகள் பல. கஜானாவில் உள்ள பணமோ சிறிது. ஆகவே தனியார் கம்பெனி ஒன்று தன் முதலையும் கடன் வாங்கிய பணத்தையும் கொண்டு வேலையை முடிக்கும். ஒப்பந்தத்தில் குறித்த ஆண்டுகள் வரை அதை நடத்திக் கட்டணம் வசூலிக்கும். பின்னர் அரசாங்கத்திடம் ஒப்படைக்கும். முறை எளியதே. ஆனால் எதிர்பார்த்த வருமானம் வராவிடில் நஷ்டம் யாருடையது என்ற கேள்விக்கு விடை ஒப்பந்தத்தின் வாசகங்களில்தான் அடங்கியுள்ளது.

திருப்பூரில் நடந்தது

பனியன் தொழிலால் உலகப் புகழ் பெற்ற திருப்பூரில் நிலத்தடி நீர் உவர்ப்பேறியது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் தண்ணீர் வாங்கிப் பிழைத்தன. இக்குறையைப் போக்கத் தமிழ்நாடு அரசாங்கமும், ஏற்றுமதியாளர் சங்கமும், நிதி நிறுவனமொன்றும் கூடி 1995-ஆம் ஆண்டில் ஒரு கம்பெனியை ஏற்படுத்தின. 2000-ஆம் ஆண்டில் 30 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பவானிக்கு அருகே காவிரியில் நீர் எடுத்து, 50 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, நாள் ஒன்றுக்கு 18.5 கோடி லிட்டர் வழங்குவது திட்டம். செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல்.

தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் என்றும், நகர மக்களுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் மிகக் குறைந்த விலை என்றும் கட்டணம் வகுக்கப்பட்டது. பட்டறைகள் கொடுக்கும் பணத்தால் ஏழைகளின் குடிநீர் மலிவாகும் என்பது எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் திட்டத்தின் முழுப் பாரமும் பட்டறைகள் வாங்கும் நீரின் மேலேயே நின்றது.

கணக்கில் விடுபட்டது

வரும் நீரைக் கணக்கிட்டவர்கள், வெளியேறும் நீருக்கு அதே அளவு இடம் தரவில்லை. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. உழவர்களின் பாசனத்திற்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் குட்டையாயிற்று. எந்த நீருக்காக உழவர் காத்திருந்தனரோ, அந்த நீரையே வயலில் விட வேண்டாமென்று அவர்கள் மன்றாட நேர்ந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் ஏறினர். துளிக் கழிவும் வெளியேறலாகாது என்று 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடுமாறு உத்தரவாயிற்று.

பட்டறைகள் மூடியபோது தண்ணீர் வாங்குவோர் குறைந்தனர். மீண்டும் திறந்தபோது கழிவு நீரையே சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தினமையால் புதிய நீரின் தேவை மேலும் சுருங்கிற்று. நதிக்கு அது நன்மை. விற்பனையை நம்பிய கம்பெனிக்கோ பெருஞ்சங்கடம். குறித்தபடி கடனைச் செலுத்த இயலாமல் தவணைகளை மாற்றியமைக்க நேர்ந்தது. மூடிய பட்டறைகளில் கூலி வேலை செய்தோர் வேலையின்றித் தவித்தனர். உழவர் கேட்டது நியாயம். தொழிலாளர் பட்ட துன்பமும் மெய். இருவரையும் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் அமர்த்தியிருந்தால், வழக்கு மன்றத்தில் எதிரெதிரே நின்றிருக்க வேண்டியதில்லை.

ஆலந்தூர் காட்டிய வழி

இதற்கு மாறாக, அந்நாளில் தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூரைப் பாருங்கள். பாதாளச் சாக்கடை அமைக்குமுன், மக்கள் எவ்வளவு கொடுக்க முடியும் என்று வீடு வீடாகக் கேட்டறிந்தனர். வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகையாகப் பெற்றனர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியாரைக் கொண்டு கட்டி நடத்தச் செய்தனர். தம் பணமும் அதிலிருந்தமையால் மக்கள் வேலையைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தனர். பங்குத்தொகை செலுத்தியவனே சங்கத்தைக் காப்பான் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

பயிற்சி யாருக்கு?

இத்தகைய பாடங்களைக் கற்பிப்பதற்கு இன்று ஏற்பாடுகள் உள்ளன. ஜப்பான், பிரிட்டன் அரசாங்கங்களின் முயற்சியால் உலக வங்கியுடன் இணைந்து 1999-இல் ஓர் ஆலோசனை அமைப்பு தோன்றி, வளரும் நாடுகளுக்கு உதவி வருகிறது. நம் நாட்டிலும் அரசாங்க அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டம் 2010-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2012-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும் கையெழுத்திடும் அதிகாரி மட்டும் கற்றால் போதாது. கட்டணம் செலுத்தப் போகிறவரும், ஆற்றின் கீழ்ப்புறத்தில் பயிரிடுகிறவரும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். எதிர்பார்த்த வருமானம் எதனை நம்பியது? அது குறைந்தால் நஷ்டம் யார் தலையில்? கழிவு எங்கே செல்லும்? முப்பது ஆண்டுகளுக்குள் சட்டமோ பருவமோ மாறினால் ஒப்பந்தத்தைத் திருத்த வழி உண்டா?

கணக்கு வாசிக்கவும், ஆட்சேபணை எழுப்பவும், வாக்களிக்கவும் நம் சங்கங்களின் பொதுக்கூட்டங்கள் பழக்குகின்றன. அப்பழக்கத்தைச் சங்கத்தின் வாசலோடு நிறுத்திவிடலாகாது. நம் ஊருக்குக் குழாயோ சாலையோ வரும்போது, நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் தனித்தனியே மனுக் கொடுப்பதை விட்டு, ஒருங்கே அமர்ந்து ஒப்பந்தத்தைப் படித்துக் கேட்பார்களாக. நொய்யல் கரையில் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் மறுபடியும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.