பட்டா இல்லாதவர் விவசாயி இல்லையா?

"விவசாயிக்கும் பொருளாதார ஆராய்ச்சிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கூட்டங்களில் என்னைக் கேட்பார்கள். ஒரு கணக்கைத்தான் பதிலாகச் சொல்வேன்.

சென்னை அடையாறில் இருக்கிறது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். யுனெஸ்கோவில் பணியாற்றித் திரும்பிய மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கியது. அங்கே பேராசிரியராக இருந்த கே. நாகராஜ், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களை ஆண்டுவாரியாக எடுத்துக் கூட்டிப் பார்த்தார். 1997 முதல் 2006 வரை, 10 ஆண்டில் தற்கொலை செய்துகொண்ட விவசாயிகள் 1,66,304 பேர். அத்தனையும் அரசாங்கத்தின் சொந்தப் பதிவேடு. கூட்டிக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இதுவுமே குறைவான கணக்கு என்றார் அவர். காவல் நிலையத்தில் யாரை விவசாயின்னு எழுதுறாங்க? பெரும்பாலும் நிலம் யார் பேரில் இருக்கோ அவரைத்தான். குத்தகைக்கு உழுதவர் விடுபட்டுப் போகிறார். காலமெல்லாம் நாற்று நட்டு, களை எடுத்த பெண்ணும் விவசாயி கணக்கில் வருவதில்லை.

அதனாலதான் சொல்றேன்: குத்தகையை வாய்ப்பேச்சோடு விடாதீங்க, எழுதி வைங்க. வீட்டுப் பெண்கள் பேரையும் பட்டாவில் சேருங்க. செத்த பிறகு மட்டுமில்லை, பயிர் நிவாரணம் கேட்டு நிற்கும்போதும் முதல்ல கேட்பது "பட்டா யார் பேர்ல?" என்றுதான்.