நிறமி மணியைப் பிடித்து நிறுத்தும் மோட்டார்

செம்பரம்பாக்கம் ஏரியில் வலைக்கு அகப்படும் கெண்டைக்குக் கண் பாப்பாவைச் சுருக்கத் தெரியாது. பெரும்பாலான எலும்பு மீன்களுக்கும் அப்படித்தான். பட்டப்பகல் வெயில் நீருக்குள் இறங்கினாலும் பாப்பா அதே அகலத்தில் நிற்கும். ஆனாலும் மீனுக்குக் கண் கூசிப்போவதில்லை. விழித்திரைக்குப் பின்னால் ஓர் அடுக்கு நிறமிச் செல்கள் உண்டு. வெளிச்சம் வந்ததும் அவை கரிய மெலனின் மணிகளைத் தம் நீண்ட நீட்சிகளுக்குள் அனுப்பி, மங்கிய ஒளியைக் காண்பதற்கென்றே உள்ள குச்சி செல்களைச் சுற்றி மூடிவிடுகின்றன. இருட்டியதும் மணிகள் அடிக்கே திரும்பிவிடும்.

மணிகள் போகும் பாதைதான் ஆக்டின் இழை. தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர். மீன் தோலில் நிறமி மணிகள் நீண்ட தூரம் ஓடுவதற்கு நுண்குழல் என்ற வேறு பாதை வேண்டும். கண்ணிலும் அதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அமெரிக்க நன்னீர் மீனான பச்சைச் சூரியமீனின் கண் செல்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, நுண்குழலைக் குலைத்த பிறகும் மணிகள் நகர்ந்தன. ஆக்டினைக் குலைத்ததும் ஓட்டம் கெட்டது.

நமக்குச் சுருங்கும் பாப்பா இருப்பதால் நம் மணிகள் இவ்வளவு தூரம் அலைவதில்லை. ஆனால் மணியும் இழையும், அவை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடும் பாலூட்டிகளுக்கும் உண்டு. ராப்27ஏ என்ற புரதம் மணியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மைரிப் என்ற இன்னொரு புரதம் அதோடு இணைகிறது. மறுமுனையில் மயோசின்-7ஏ என்ற மோட்டார் புரதம் ஆக்டினைப் பற்றுகிறது. ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழித்து இழைமேல் அடிவைக்கக்கூடிய மோட்டார் இது.

இந்த மோட்டார் பழுதான எலி வகை ஒன்று உண்டு. தலையை உதறும், சுற்றிச் சுற்றி ஓடும், காது கேட்காது. அதன் நிறமிச் செல்களில், நீட்சிகளுக்குள் இருக்க வேண்டிய மணிகள் அங்கே இல்லை என்று 1998-ல் தெரிந்தது. மோட்டார் இல்லாததால் மணி நகரவில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். 2004-ல் உயிருள்ள செல்களைப் படம் பிடித்தபோது தெரிந்ததோ நேர்மாறு: மணிகள் முன்னைவிட வேகமாக, முன்னைவிடத் தொலைவாக ஓடின. அம்பத்தூர் எஸ்டேட் நிறுத்தத்தில் நிற்காத பேருந்தும் வேகமாகத்தான் போகும். இறங்க வேண்டியவர்தான் இறங்க முடியாது. இந்த மோட்டாரின் முக்கிய வேலை இழுப்பதல்ல, வந்த மணியை ஆக்டினில் பிடித்து நிறுத்துவது. செல்லுக்குள் நடக்கும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மனிதரில் இந்த மோட்டாருக்கான மரபணு கெட்டால் வருவது அஷர் நோயின் 1பி வகை. 1995-ல் காரணம் உறுதியானது. குழந்தை பிறக்கும்போதே காது கேட்காது, நடை தாமதமாகும். பத்து வயதையொட்டி இருட்டில் தடுமாறும். வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண் என்று வீட்டார் நினைக்கலாம். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வரும். மணி இடம் மாறியதுதான் பார்வை இழப்புக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; அந்த எலிகளுக்கு விழித்திரை அப்படி அழிவதில்லை. ஒளியை உணரும் செல்களுக்குள்ளும் காதின் மயிர்ச் செல்களிலும் இதே மோட்டாருக்கு வேலை இருக்கிறது. இடம் மாறிய மணி, பழுதைக் காட்டிக்கொடுக்கும் தடயம்.

தமிழ்நாட்டில் இது தொலைதூரச் செய்தியல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 28 விழுக்காடு திருமணங்கள் சொந்தத்துக்குள்; அப்போது இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்கிறது. அதே கையோடு கண்ணையும் பார்த்துவிட வேண்டும் என்பேன். விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் ஈஆர்ஜி சோதனை, கண் பார்வைக்குச் சரியாகத் தெரியும்போதே குறையைக் காட்டிவிடும். சென்னையின் மேற்குப் புறநகர்க்காரர்களுக்குக் கண் மருத்துவம் எட்டாத தூரமல்ல: பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் மருத்துவமனை 2017 முதல் இயங்குகிறது. பார்வைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையம் பூந்தமல்லியிலேயே இருக்கிறது.

மரபணுவைச் செலுத்திச் சரிசெய்வதில் ஒரு சிக்கல். வழக்கமாகச் சுமந்து செல்லும் ஏஏவி வைரஸில் சுமார் 4,700 எழுத்துக்குத்தான் இடம். இந்த மரபணுவின் புரதக் குறிப்பு மட்டும் 6,600-ஐத் தாண்டும். அதனால் அதை இரண்டாக வெட்டி, இரு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் ஒட்டவைக்கும் முறையை இத்தாலியில் 2024 முதல் நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள்.