பழைய வழக்கு புது வழக்குக்குள் வரும் வழி

"வழக்குத் தவணை நெருங்குகிறது. கிராம உத்தியோகத்தரிடம் நற்சான்றிதழ் எடுத்து வைக்கட்டுமா?" கற்பிட்டி, முந்தல், உடப்புப் பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. சிலர் பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதத்தையும், சிலர் பங்குத்தந்தையின் கடிதத்தையும் வாங்கிவைத்திருக்கிறார்கள். சட்டத்தரணியைக் கேட்காமல் எதையும் நீட்டிவிடாதீர்கள்.

1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 53 ஆம் பிரிவு, எதிரி நற்குணமுள்ளவர் என்று காட்ட இடம் தருகிறது. அவர் கெட்டவர் என்று அரச தரப்பு காட்டுவதை 54 ஆம் பிரிவு தடுக்கிறது. நீங்களே முந்திக்கொண்டு நற்குணத்துக்குச் சாட்சியம் வைத்தால் அந்தத் தடை விலகிவிடும். பழைய குற்றத்தீர்ப்புகளை எல்லாம் அப்போது கிளறலாம். கடிதம் மட்டும் பெரும்பாலும் போதாது, எழுதியவரே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிவரும். ஏறினாலும் ஊரில் உங்களுக்குள்ள பெயரையும் பொதுவான இயல்பையும்தான் சொல்லலாம். கடலில் தத்தளித்த ஒருவரை நீங்கள் காப்பாற்றிய கதையை 55 ஆம் பிரிவு ஏற்காது.

இதுவரை சொன்னது கட்டுப்பாடு. 15 ஆம் பிரிவு வேறு வழியால் வருகிறது. இந்தக் கரையோரத்து மக்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

ஒரு செயல் தற்செயலா, வேண்டுமென்று செய்ததா, தெரிந்து செய்ததா என்ற கேள்வி எழுந்தால், அதே ஆள் சம்பந்தப்பட்ட அதேபோன்ற சம்பவங்களின் தொடரைக் காட்டலாம் என்கிறது அது. சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது: ஒருவர் அடுத்தடுத்துப் பல வீடுகளில் குடியிருக்கிறார், ஒவ்வொன்றையும் காப்புறுதி செய்கிறார், ஒவ்வொன்றும் தீப்பிடிக்கிறது, ஒவ்வொரு முறையும் பணம் கிடைக்கிறது. அதே காலத்தில் சிட்னியில், காசு வாங்கிக்கொண்டு சிசுக்களை வளர்க்க ஏற்ற மேக்கின் தம்பதியர் குடியிருந்த பல வீடுகளின் வளவுகளில் குழந்தைகளின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அந்தச் சான்றை ஏற்றது சரிதான் என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

இங்கே எப்படி வரும் என்று ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்ப்போம். டிங்கிப் படகில் கேரள கஞ்சாப் பொதி பிடிபடுகிறது. "மிதந்து வந்தது, பீடி இலை என்று நினைத்துத்தான் ஏற்றினேன்" என்கிறார் மீனவர். ஒருமுறை என்றால் நம்பலாம். மூன்றாவது முறையும் அதே பதில் என்றால்? "இவர் அப்படிப்பட்ட ஆள்" என்று வாதிட அரச தரப்புக்கு உரிமையில்லை. "தற்செயல் இப்படித் திரும்பத் திரும்ப வராது" என்று வாதிடலாம். ஆளின் குணத்தைத் தொடாமலே அவருடைய கடந்த காலத்தைக் கொண்டுவரும் இந்தத் தர்க்கம் கூர்மையானது. அதன் கூர்மைதான் எனக்குக் கவலை.

அந்தத் தர்க்கம் முழுவதும் ஒன்றில் தங்கியிருக்கிறது: அந்தச் சம்பவம் எவ்வளவு அபூர்வம்? வீடு எரிவது அபூர்வம். கற்பிட்டிக் கடலில் பொதி மிதப்பது அப்படியா? கடற்படைப் படகைக் கண்டதும் கடத்தல்காரர் பொதிகளைக் கடலில் தள்ளிவிட்டு ஓடுவதும், அவை மிதந்துகிடப்பதும் கடற்படையின் அறிக்கைகளிலேயே வரும் செய்தி. ஆண்டு முழுக்க இந்த நீரில் வலை போடுகிறவருக்குப் பொதி எதிர்ப்படுவதும், கொழும்பில் இருப்பவர் அதைக் கற்பனை செய்துபார்ப்பதும் ஒன்றல்ல. எதிர்த் தரப்புச் சட்டத்தரணி மீனவர் சங்கத்து அனுபவசாலிகளைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய இடம் இது. அதைச் செய்யாமல் "தற்செயல்தான்" என்று மட்டும் சொல்லி நிற்பது ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. 15 ஆம் பிரிவு கேட்பது சம்பவத்தை, குற்றத்தீர்ப்பை அல்ல. ஆனால் அந்தச் சம்பவம் நடந்ததையும் அதில் இவர் சம்பந்தப்பட்டதையும் சாட்சிகளைக் கொண்டே நிரூபிக்க வேண்டும். ‘பிரபல கடத்தல்காரர்’ என்ற பொலிஸ் ஊடக அறிக்கை சாட்சியம் ஆகாது. 2023 டிசம்பரில் பொலிஸார் தொடங்கிய ‘யுக்திய’ போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது நாளுக்கு நாள் கைதுக் கணக்கு வெளியானது. கைதானவர் எல்லாம் குற்றவாளி என்று ஊர் நம்பியது. நீதிமன்றமும் அப்படி நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிவுகள் இருக்கின்றன.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

"அவர் எப்போதும் இப்படித்தான் செய்வார்" என்று பழக்கத்தைக் காட்டலாமா? அலுவலகத்தின் அல்லது தொழிலின் வழமையான நடைமுறைக்கு 16 ஆம் பிரிவு இடம் தருகிறது. தனி ஆளின் பழக்கத்துக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சான்று விதிகளின் 406 ஆம் விதிபோல இங்கே தனிப் பிரிவு கிடையாது.

காணி வழக்கில் எதிர்த் தரப்பார் மோசடிக்காரர் என்று பொதுவாகச் சொல்லலாமா? முடியாது, 52 ஆம் பிரிவு.

பிணைக் கோரிக்கையின்போது பழைய வழக்குகளைச் சொல்லலாமா? பொலிஸார் சொல்வார்கள். அதைக் கேட்ட நீதவானே பின்னர் வழக்கையும் விசாரிக்க நேரலாம். நம் முறைமையின் பெரிய ஓட்டையாக நான் இதைப் பார்க்கிறேன்.

தண்டனை விதிக்கும்போது? பழைய குற்றத்தீர்ப்புகள் அப்போது பார்க்கப்படும்.