இன்சீனில் மரியாயின் சேனை: வீடு தேடி வரும் சகோதரிகள்

சென்ற மாதம் நம் வானொலியில் நான் பேசிய உரையைச் சற்று விரித்து இங்கே எழுதியிருக்கிறேன். உரையைக் கேட்ட சிலர், "மரியாயின் சேனை என்பது ஏழைகளுக்கு உதவும் சங்கமா, செபக் கூட்டமா?" என்று கேட்டார்கள். இரண்டும்தான். ஆனால் உதவி என்றால் நாம் வழக்கமாக நினைப்பது வேறு, அவர்கள் செய்வது வேறு. அதை இன்சீனை வைத்தே விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்சீன் நம்மில் பலருடைய வீடுகளில் அடிபடும் பெயர். ரங்கூனுக்கு வடமேற்கே, சுற்று ரயில் பாதையில் உள்ள ஊர். ரயில்வே பணிமனையும் பெரிய சிறைச்சாலையும் அதன் அடையாளங்கள். 1942இல் ஜப்பானியர் வந்தபோது நடந்தே கிளம்பிய குடும்பங்கள் உண்டு. 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு கப்பல் ஏறிய குடும்பங்களும் உண்டு. வந்தவர்கள் கதை நமக்குத் தெரியும். அங்கேயே தங்கிவிட்ட பெரியம்மா, சித்தி, அத்தை ஆகியோரின் கதை அவ்வளவாகத் தெரியாது.

முதலில் சேனையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1921 செப்டம்பர் 7 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில், மைரா இல்லம் என்ற கட்டடத்தில் முதல் கூட்டம் நடந்தது. அதைக் கூட்டியவர் பிராங்க் டஃப் என்ற பொதுநிலையினர். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒரு குருவும் அவரும் தவிர, வந்திருந்த எல்லோரும் பெண்களே. பெரும்பாலும் இளம் பெண்கள். ஏழைகளுக்கான அரசு மருத்துவமனையில், புற்றுநோயால் கிடந்த பெண்களைப் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வேலை. ஆண்களுக்கான முதல் கிளை 1929இல்தான் தொடங்கியது. ஆகவே இதை மாதர் சங்கமாகவே பிறந்த இயக்கம் என்று சொன்னால் தவறில்லை. பழைய ரோமப் படையின் பெயர்களை வைத்துக்கொண்டதால் அடிப்படைக் கிளைக்குப் பிரசீடியம் என்று பெயர். பல பிரசீடியங்கள் சேர்ந்தது கூரியா.

நான் இங்கே ஒரு பிரசீடியத்தில் உறுப்பினர். அதனால் 2014இல் உறவினரைப் பார்க்க இன்சீன் போயிருந்தபோது, அங்குள்ள பிரசீடியத்தின் வாரக் கூட்டத்தில் உட்கார முடிந்தது. மொழி பர்மியம். ஆனால் கூட்டம் எனக்குப் புதிதாக இல்லை. மேசையில் வெள்ளைத் துணி, நடுவில் மாதா சுரூபம், இரு பக்கமும் பூச்சாடியும் மெழுகுத்திரியும். பரிசுத்த ஆவியை அழைக்கும் செபம், செபமாலை, ஆன்ம நூல் வாசிப்பு. பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரம் செய்த பணியை எல்லோர் முன்னிலையிலும் வாயால் சொல்ல வேண்டும். நடுவில் எழுந்து நின்று கத்தேனா என்ற செபம். பிறகு ஒரு சிற்றுரை. கடைசியில் அடுத்த வாரம் யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். உலகம் முழுவதும் இதே ஒழுங்குதான். ஒருவரையொருவர் 'சகோதரி' என்றே அழைக்கிறார்கள். வயதுக்கோ வசதிக்கோ அங்கே தனி மரியாதை இல்லை.

வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் உண்மையான பணி செய்ய வேண்டும் என்பது விதி. எப்போதும் இருவராகப் போக வேண்டும். நோயாளி, முதியவர், கோயிலுக்கு வராமல் நின்றுபோனவர், துக்கவீடு என்று சந்திப்புகள் போகும். அன்று கேட்ட அறிக்கைகளில் ஒன்று என் மனதில் நின்றது. பேரப்பிள்ளைகள் பர்மியம் மட்டுமே பேசும் வீட்டில் ஒரு தமிழ் மூதாட்டி. அவருக்குச் செபம் தமிழில்தான் வரும். தமிழ் தெரிந்த ஒரு சகோதரியும் தெரியாத ஒரு சகோதரியும் சேர்ந்து போய், அவரோடு தமிழில் செபமாலை சொல்லிவிட்டு வந்தார்களாம். அறிக்கை இரண்டே வரிதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சேனையின் கைநூல் ஒன்றைக் கண்டிப்பாகத் தடுக்கிறது: சந்திக்கப் போகும் வீட்டில் பொருளுதவி செய்யக் கூடாது. பணம், அரிசி, பழைய துணி, எதுவானாலும் சிறிதளவுகூடக் கூடாது. அந்த வீட்டில் வசூலும் கூடாது. செலவுக்கு உறுப்பினர்களே கூட்டத்தில் இரகசியப் பையில் போடுவதுதான். பொருளுதவி தேவைப்படும் வீட்டைக் கண்டால், வின்சென்ட் தே பவுல் சபை போன்ற அதற்கென்று உள்ளவர்களிடம் தெரிவிக்கலாம். உடலுழைப்புக்குத் தடையில்லை. வீடு பெருக்கலாம், தண்ணீர் எடுத்து வைக்கலாம், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம்.

இது கல்நெஞ்சம் போலத் தோன்றும். பசித்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஆனால் அகதியாக வாழ்ந்த குடும்பங்களுக்கு இதன் நியாயம் சீக்கிரம் புரியும். நிவாரண வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்: கொடுக்க வருகிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அவர் முன்னால் நாம் நம் கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வோம், அல்லது வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்வோம். உண்மையாகப் பேச முடியாது. கொடுக்க எதுவும் இல்லாமல் வருகிறவரிடம்தான் மனம் திறந்து பேச வரும். பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கலும் வராது.

பசி உண்மையான இடத்தில் அரிசியும் போய்ச் சேர வேண்டும். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அப்போது திருச்சபையின் கருணா அமைப்பு போன்றவை நிவாரணத்தில் இறங்கின. அது வேறு வேலை; அதற்குக் கணக்கும் கிடங்கும் லாரியும் வேண்டும். சேனை அதை ஒருபோதும் தாழ்வாகச் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே கையால் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

இன்னொரு விதி, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது. இன்சீன் போன்ற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கைதானவர்கள் பலர் அந்தச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 2022 அக்டோபர் 19 அன்று, கைதிகளுக்குப் பார்சல் கொடுக்கும் இடத்தில் குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பார்சல் கொண்டுவந்த உறவினர்கள். இப்படிப்பட்ட காலத்தில் வீட்டுக்குள் வருகிறவரை நம்ப வேண்டுமானால், பேசியது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும்.

பர்மாவில் 1965இல் கிறிஸ்தவப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசுடைமையாயின. சுதந்திரத்துக்குப் பின் வந்த வெளிநாட்டு மிஷனரிகள் 1966இல் வெளியேற வேண்டியதாயிற்று. அதன் பிறகு பங்குகளைத் தாங்கியவர்கள் உள்ளூர்க் குருக்களும் கன்னியரும் சாதாரண விசுவாசிகளும்தான். கட்டடம் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய வேலை வீடு சந்திப்பு. இரண்டு பெண்களும் ஒரு செபமாலையும் இருந்தால் போதும்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே தனியாக இருக்கும் உறவினருக்கு நாம் பணம் அனுப்புகிறோம். அது அவசியம், நிறுத்தாதீர்கள். ஆனால் பக்கத்தில் உட்கார ஓர் ஆளை நம்மால் அனுப்ப முடிவதில்லை. அவர் கத்தோலிக்கராக இருந்தால் அந்தப் பங்குத்தந்தைக்கு எழுதி, சேனைச் சகோதரிகள் ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். போய் வந்தவர்களிடம் வீட்டு விவகாரங்களைத் துருவிக் கேட்காதீர்கள், சொல்லமாட்டார்கள். "பார்த்தோம், நலமாக இருக்கிறார்" என்பதோடு திருப்திப்படுங்கள்.

இங்கே நம் தெருவிலும் மொழி புரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கச் சேனையில் சேர வேண்டும் என்பதில்லை, கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.