வினாத்தொடரிற் குறிகளின் இருநிலை

எழுத்தொன்றை எழுத்தாகவே சுட்டவேண்டியவிடத்து நம் இலக்கண நூலார் கரம், காரம் முதலிய சாரியைகளைப் புணர்த்தி அகரம், ஆகாரம் என வழங்கினர். ஒரு குறி தன் தொழிலைச் செய்கின்றதா, அன்றித் தன்னையே சுட்டி நிற்கின்றதா என்னும் ஐயம் இலக்கணத்துக்கு மாத்திரம் உரியதன்று. கணினிகளிடையே செல்லும் முகவரிகளிலும் அஃது எழுகின்றது.

இணையத்தில் நாம் ஒன்றைத் தேடுங்கால், உலாவி ஒரு முகவரியை ஆக்கி வழங்கிக்கு அனுப்புகின்றது. அதில் ? என்னும் குறிக்குப் பின் வருவது வினாத்தொடர். ஆங்கே = பெயரையும் பெறுமானத்தையும் இணைக்கும்; & ஒரு சோடியை மற்றொன்றினின்றும் பிரிக்கும். 'நூல்=இயல்&இசை' என அனுப்பின் வழங்கி யாது கொள்ளும்? நூலின் பெயர் 'இயல்' என்றும், 'இசை' பெறுமானமற்ற வேறொரு பெயர் என்றுமே கொள்ளும். பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவுந் தோன்றாது; தவறான விடையே வந்து சேரும். அன்றியும், பயனர் எழுதியதை அவ்வாறே ஒட்டும் நிரலர், தம் வினாவிற் பிறர் புதிய பெயர்களைப் புகுத்தவும் வழிதிறந்தவராவர்.

இதற்குப் பரிகாரம் எளிது. குறியின் பைற்றுப் பெறுமானத்தைப் பதினாறின் அடியில் ஈரிலக்கமாக்கி, முன்னே % இட்டு எழுதுக. & என்பது %26 ஆகும்; இடைவெளி %20; % தானும் %25. 2005 இல் வெளியான ஆர்.எவ்.சி. 3986, ஆங்கில எழுத்துக்கள், இலக்கங்கள், - . _ ~ ஆகிய 66 குறிகளையே எவ்விடத்தும் மாற்றமின்றி விடுகின்றது. தமிழெழுத்து அவற்றுள் அடங்காது. யூ.ரி.எவ்.-8 முறையில் அகரம் 224, 174, 133 என்னும் மூன்று பைற்றுக்களாதலின் ஒன்பது குறிகளைக் கொள்ளும். 'தமிழ்' என்னுஞ் சொல்லோ, இகரக்குறியும் புள்ளியுந் தனித்தனி எண்ணப்படுதலின், 45 குறிகளாய் நீளும்! முகவரியைப் படியெடுத்து ஒட்டியோர் இதனைக் கண்டு மருண்டிருப்பர்.

படிவங்கள் வழியாகச் செல்லும் தொடரில் இடைவெளி + ஆக எழுதப்படுவது இன்னொரு சிக்கல். 'சி++' என்னும் நிரல்மொழியை மாற்றாது அனுப்பினால், 'சி' மட்டும் எஞ்சும். பின்னிரு குறிகளும் வெற்றிடமாகும்.

ஈண்டு முறைவைப்பே பெரிது. அனுப்புவோர் ஒவ்வொரு பெறுமானத்தையுந் தனித்தனி மாற்றிய பின்னரே & கொண்டு கோத்தல் வேண்டும்; முழுத்தொடரையும் ஒருங்கே மாற்றின் பிரிக்கும் குறிகளும் தம் தொழிலை இழக்கும். பெறுவோர் முதலிற் பிரித்து, அதன்பின் மீட்க வேண்டும். மீட்டபின் பிரிப்பின் 'இயல்' மீண்டும் 'இசை'யை விட்டு நீங்கும். ஒருவர் மாற்றியதை மற்றொருவர் அறியாது மறுபடியும் மாற்றுவதும் உண்டு. அப்பொழுது %20 என்பது %2520 ஆகும்; ஒருமுறை மட்டும் மீட்கும் வழங்கி, இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் %20 என்பதையே வாசகருக்குக் காட்டும்.